கவுன்சிலிங் என்றால் கிண்டி மட்டும் அல்ல

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்து, "உன் துறையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். என் துறை மெயின்டனன்ஸ். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக அதுதான் வேலை. பேரிங், கியர் பாக்ஸ், கிரீஸ் என்று இருபது நிமிடம் பேசினால் சாப்பாட்டுப் பந்திக்கு இப்போதே ஆள் கிளம்பிவிடும். அதனால் என் மனைவியின் துறையைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அவரும் இந்தக் கல்லூரிதான். இ.சி.இ., 2011-ல் முடித்தவர். ஆறு வருடம் ஐ.டி.யில் இருந்துவிட்டு, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சிலராக இருக்கிறார்.

கவுன்சிலர் என்று நான் சொன்னதும் எங்கள் வீட்டு ஓனர் கேட்டது, "எந்த வார்டு?"

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டியவர். கவுன்சிலிங் என்றால் கிண்டி. 1997-லிருந்து பி.இ. இடங்களுக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது. 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. நடுவில் இருந்த இருபது வருடக் கூட்டம் நாமெல்லாம். பஸ்ஸிலோ ரயிலிலோ ராத்திரிப் பயணம், காலையில் அண்ணா பல்கலைக்கழக வாசல், பையில் சான்றிதழ்கள், அப்பாவின் சட்டைப்பையில் டிராஃப்ட். வாசலில் தனியார் கல்லூரிக்காரர்கள் கையில் திணிக்கும் வண்ண நோட்டீஸ். உள்ளே பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை இடம் பாக்கி என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். நமக்கு முன்னால் போனவன் நாம் நினைத்த இடத்தை எடுத்துவிடுவானோ என்று வயிறு கலங்கும். பெயர் கூப்பிட்டதும் மாணவன் ஒருவன், துணைக்கு ஒருவர்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் இ.சி.இ. என்று நினைத்துக்கொண்டு போனேன். திரையில் மெக்கானிக்கல் இருந்தது. அப்பாவோடு வேலை பார்க்கும் ஒரு மாமா, "மெக்கானிக்கல் எவர்கிரீன் சார்" என்று சொல்லியிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன், முடிந்தது. பெயர் கவுன்சிலிங். அந்த அறையில் யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பது அவர்கள் வேலையும் இல்லை. இடம் ஒதுக்குவதுதான் வேலை, அதை நேர்மையாகவே செய்தார்கள். கேட்டிருக்க வேண்டியவர் அதற்கு இரண்டு வருடம் முன்பு என் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இருப்பார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

எனக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. மெக்கானிக்கல் எனக்கு ஒத்துப்போனது. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

என் ரூம் மேட் ஒருவன். அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம். பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 196. எங்கள் விங்கில் யார் கணக்குப் பார்த்தாலும் அவனிடம்தான் வருவார்கள். மெஸ் பில்லில் ஒரு ரூபாய் தப்பு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் ஒரு பொருளைப் பார்த்து அதன் மூன்று தோற்றங்களையும் வரை என்றால் அவனுக்கு வரவே வராது. இன்ஜினியரிங் டிராயிங் முதல் செமஸ்டரிலேயே போனது. அதற்குப் பிறகு மெக்கானிக்ஸ், தெர்மோ என்று வரிசையாகப் போயிற்று. மூன்றாம் செமஸ்டர் முடிவில் ஏழு அரியர். வீட்டில் 'எல்லாம் பாஸ்' என்று சொல்லி வைத்திருந்தான். அவன் அப்பா ஊரில் எல்லோரிடமும் 'பையன் இன்ஜினியர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரி ஒரு கடிதம் எழுதி என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. காலையில் பால் எடுக்கப் போன நம் மெஸ் அண்ணன், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. "என்ன தம்பி, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பாலை மறந்துவிட்டு இரண்டு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருக்கிறார். அன்று ஹாஸ்டலில் காபி லேட். எல்லோரும் மெஸ்ஸில் கத்தினோம். நானும் கத்தினேன்.

அவர் அட்வைஸ் எதுவும் செய்யவில்லையாம். "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பல வருடம் கழித்து இதை என் மனைவியிடம் சொன்னபோது, "எங்களுக்கு ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுத்ததுல பாதி அதுதான்" என்றார்.

அந்த ஜூனில் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். பி.காம். சேர்ந்தான். இன்று சொந்த ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸை நடத்துகிறான். கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். என் வருமான வரிக் கணக்கு அவன்தான் போடுகிறான். பதினாறு வயதில் அவனை யாராவது உட்காரவைத்து, உனக்கு எண் பிடிக்குமா, உருவம் பிடிக்குமா என்று கேட்டிருந்தால் அந்த இரண்டு வருடமும் அந்த ராத்திரியும் வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். அவன் அப்படிச் சொல்வதில்லை. "கேட்டிருந்தாலும் எங்க அப்பா ஒத்துக்கிட்டிருக்க மாட்டார்டா" என்கிறான். அப்பாவிடம் பேசுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இந்தத் தொழிலைத் தொடங்கியவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் பிராங்க் பார்சன்ஸ் என்று ஒருவர். கார்னல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். ரயில் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்; 1873 பொருளாதாரச் சரிவில் அந்த வேலை போயிற்று. இரும்பாலையில் கூலி வேலை, பிறகு பள்ளி ஆசிரியர், பிறகு வக்கீல் என்று சுற்றினார். கடைசியில் 1908-ல் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே வருடம் இறந்தும் போனார். அவருடைய புத்தகம் 1909-ல்தான் வெளியானது. முதலில் உன்னை அறிந்துகொள், பிறகு வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் முறை. 2009-ல் ரிசஷனில் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த என் பேட்ச் நண்பர்களுக்கு இந்த மனிதரை உடனே புரியும்.

நம் நாட்டிலும் இது புதுசு இல்லை. 1952-ல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர் நம்ம டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பள்ளிகளில் மாணவர்களுக்கு வழிகாட்டுதல் வேண்டும் என்று அந்தக் குழுவின் அறிக்கை அன்றைக்கே சொன்னது. 1954-ல் டெல்லியில் அதற்கென ஒரு மத்தியப் பணியகமும் வந்தது. எழுபது வருடம் ஆகிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பள்ளியில் படிக்கும்போது ஒரு கவுன்சிலரிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசியவர்கள் கை தூக்குங்கள் என்று மேடையில் கேட்டேன். நான் எண்ணியது நான்கு கைகள். நான்கும் கடைசி வரிசைத் தம்பி தங்கைகளுடையவை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மாறிய காரணம் சந்தோஷமானது இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044 பேர். தேர்வில் தோற்றது காரணம் என்று பதிவானவை 2,248. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண் 2023-ல் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இந்த எண்களை எடுத்துச் சொல்லி நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டு நெறிகளைத் தந்தது. தனிச் சட்டம் வரும்வரை அவை கட்டுப்படுத்தும். அதில் நம் பேச்சுக்கு முக்கியமானது இது: 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். 100-க்குக் குறைவென்றால் வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், அலுவலர் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் எதற்கும் விதிவிலக்கு இல்லை. முதல்வர் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நம் கல்லூரியும் இதில் அடக்கம் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இதற்கு முன்பே விதி இருந்தது. 2018 இணைப்பு விதிகளின்படி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் முழுநேர ஆலோசகர் ஒருவரை வைக்க வேண்டும். 9 முதல் 12 வகுப்புகளில் 300 பேருக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேரம் போதும் என்று இருந்தது. விதி இருந்தது என்றுதான் சொல்கிறேன். நடைமுறையில் பல இடங்களில் பீரியட் குறைவாக உள்ள ஒரு டீச்சரின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். எங்கள் தொழிற்சாலை ஆடிட்டிலும் இதே வித்தை நடக்கும், அதனால் எனக்கு உடனே புரிந்தது.

தமிழ்நாட்டில் நடந்த சில நல்ல காரியங்களையும் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே எழுதும் துணைத்தேர்வு வந்தது. 2017-ல் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தினார்கள். 2022-ல் நான் முதல்வன், கல்லூரிக் கனவு திட்டங்கள் வந்தன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்போது வழி இருக்கிறது, நமக்கு அது இல்லை. மனநல உதவிக்கு 14416 என்ற எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தம்பி தங்கைகள் அந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியிருக்காது, உங்கள் ரூம் மேட்டுக்கு வேண்டியிருக்கலாம். குழந்தைகளுக்கு 1098.

ஆனால் ஒருநாள் நிகழ்ச்சி ஒன்று, தினமும் அதே அறையில் ஓர் ஆள் இருப்பது வேறு. எங்கள் பாஷையில் சொன்னால், பேரிங் உடைந்த பிறகு ஓடுவது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். முன்பெல்லாம் எங்கள் பழைய ஃபோர்மேன் தினமும் காலையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். சத்தம் லேசாக மாறினாலே சொல்லிவிடுவார். அவருக்கு நேற்றைய சத்தம் தெரியும், அதுதான் விஷயம். நான் இப்படி உதாரணம் சொல்வது என் மனைவிக்குப் பிடிக்காது. "பசங்க மெஷின் இல்லைங்க" என்பார். ஆனாலும், நேற்றைய சத்தம் தெரிந்தவர் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறார்.

அவர் வேலையைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் பிள்ளையின் கதையும் இதில் இருக்காது. எனக்கே தெரியாது, வீட்டில் சொல்ல மாட்டார். சேர்ந்த முதல் மாதம் அவருக்குக் கொடுத்த அறை பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில். ஒரு பிள்ளையும் வரவில்லை. அங்கே போய் நின்றால் ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்று பள்ளிக்கூடமே பார்க்கும். கெஞ்சிக் கூத்தாடி லைப்ரரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்கு மாறினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டுப் போட்ட அலமாரி. பிறகுதான் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

அப்போது அடுத்த பிரச்சினை. வந்தவர்களின் பெயரும் அவர்கள் சொன்னதும் வாரா வாரம் எழுதித் தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. இவர் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை மட்டும் தந்தார். மூன்று மாதம் இழுபறி. ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. அதையும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் தண்டனை. பள்ளியின் பெயர் கெடும் என்று மேலே இருப்பவர்கள் சொன்னாலும் கேட்க முடியாது. இந்த இடத்தில்தான் முதுகெலும்பு வேண்டும். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் இல்லை.

அட்மிஷன் சீசனில் பெற்றோருக்குப் போன் செய்யச் சொன்னார்கள். லீவு போட்ட டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இது பல பள்ளிகளில் நடப்பதாக அவருடைய நண்பர்களும் சொல்கிறார்கள். வேலைக்குச் சேரும்போதே என் வேலை எது, எது இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது இந்தத் துறைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் அவர் சொல்லச் சொன்ன முதல் விஷயம். எத்தனை பிள்ளைகள் என்பது இரண்டாவது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. என் மனைவியின் பள்ளியில் 1,800 பேருக்கு அவர் ஒருவர்.

சரி, எப்படி வருவது? மலரில் படித்துவிட்டு யாராவது ஒருவராவது வருவீர்கள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பி.இ. படித்தவர்களுக்குக் கதவு மூடியில்லை, ஆனால் குறுக்கு வழியும் இல்லை. உளவியலில் முதுகலை, அல்லது சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ., அதோடு வழிகாட்டுதல், ஆலோசனையில் ஒரு பட்டயம், கூடவே மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் கள அனுபவம் என்பதுதான் பொதுவான பாதை. என் மனைவி வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் எம்.எஸ்சி. உளவியல் படித்தார். அந்தக் கதவு இப்போது இல்லை. 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் படிப்பைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் தொடர்ச்சி அது. ஆகவே வார இறுதியில் படித்து முடித்துவிடலாம் என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டும் முன் நன்றாக விசாரியுங்கள். நேரில் போய் இரண்டு வருடம் படிக்க வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு வேலையை விட்ட அக்காக்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் பிள்ளைகளின் மனதைத் தொடும் வேலைக்கு ஆளைப் பார்க்காமல் சான்றிதழ் தருவது சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன். அந்த வழியில் வந்த என் மனைவியே அப்படித்தான் சொல்கிறார்.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு. ஒரு வருடம், கொஞ்ச காலம் தொலைநிலை, கொஞ்ச காலம் நேர் வகுப்பு, மீதி சொந்த ஊரில் பயிற்சி. நமக்குப் பக்கத்தில் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் மையம் இருக்கிறது.

வேலை எங்கே? தனியார் சி.பி.எஸ்.இ., மெட்ரிக் பள்ளிகள்தான் அதிகம். கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் ஒப்பந்த அடிப்படையில் நேர்முகத் தேர்வு வைத்து எடுக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் ஆலோசகர் பணியிடங்கள் உண்டு. சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஐ.டி.யில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் என் மனைவி சேர்ந்தார். இன்றும் பாதியை எட்டவில்லை. என் சம்பளம் இருந்ததால் எங்களால் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஆலோசகர் மருந்து எழுதும் டாக்டர் இல்லை; கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அதற்குரிய படிப்பும் மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். எங்கே தன் வேலை முடிகிறது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்தான் நல்ல ஆலோசகர்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். சிவில் சீனியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் கல்லூரி வாசலில் சங்கத்தின் சார்பில் நுழைவு வளைவு கட்டத் தீர்மானம் இருக்கிறது. மதிப்பீடு 14 லட்சம். படம் நானும் பார்த்தேன், அழகாக இருக்கிறது. நம் கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. நாம் கிரிக்கெட் ஆடும்போது பந்து போய் விழும் பள்ளி. அங்கே 9 முதல் 12 வரை நானூறுக்கும் மேல் பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகருக்கு மாதம் 28,000 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 3,36,000. மூன்று வருடத்துக்கு 10,08,000. மீதிப் பணத்தில் ஓர் அறையும் அலமாரியும் போட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தரலாம். தலைமை ஆசிரியையிடம் பேசினேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் துறையின் அனுமதியும் வேண்டும் என்றார். 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகப் பணம் தர முடியுமா என்றும் விசாரிக்கலாம் என்றார். "மூணு வருஷம் கழிச்சு நிறுத்திட மாட்டீங்களே சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதை இங்கே உங்களிடம் கேட்கிறேன்.

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் தள்ளி வைக்கலாம் என்கிறேன். மதியம் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். 2009 பேட்ச்சில் இருபத்திரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தாள் செயலாளர் மேசையில் இருக்கிறது.

அதோடு இன்னொரு சின்னத் தாளும் அங்கே இருக்கிறது. இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் பேட்ச் வாரியாகப் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள் அல்லவா? எங்கள் மெக்கானிக்கலில், லேட்டரலில் வந்த நண்பர்களைக் கணக்கில் சேர்க்காமல், முதல் வருடம் சேர்ந்தவர்கள் 62 பேர். பட்டியலில் 57 பெயர்தான் இருக்கிறது. பட்டம் வாங்காமல் போனவர்களைச் சேர்ப்பது வழக்கமில்லையாம். என் ரூம் மேட் அந்த ஐந்து பேரில் ஒருவன். அவன் இந்தக் கல்லூரியில் நான்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருக்கிறான், என் கணக்கு நோட்டு முழுக்க அவன் கையெழுத்து இருக்கிறது. போன வாரம் அவனைக் கூப்பிட்டேன். "லிஸ்ட்லயே இல்லாதவன் எப்படிடா வர்றது?" என்றான். ஐந்து பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றத் துறை நண்பர்கள், உங்கள் முதல் வருட வருகைப் பதிவேட்டை ஞாபகப்படுத்திப் பார்த்து, விடுபட்ட பெயர்களை அதே தாளில் சாப்பாட்டுக்கு முன் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.